கட்டப் பணம் இல்லையா? கணக்கையாவது கொடுத்துவிடுங்கள்

கடனில் மூழ்கிய ஒருவருக்கு உதவப் போய், ஒரு மதியம் முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்தான், சொந்தமாகத் தொழில் செய்பவர். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கி என் முன்னால் கவிழ்த்தார். எல்லாம் கவர்கள். முக்கால்வாசி பிரிக்கவே இல்லை. சிலவற்றின் தபால் முத்திரைக்கு மூன்று வயது.

"பிரிச்சு மட்டும் என்ன ஆகப்போகுது? கையில பணம்தான் இல்லையே" என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரித்து நான்கு குவியலாக வைத்தோம். வீட்டுக் கடன் ஒன்று. கார்டும் தனிநபர் கடனும் ஒன்று. நண்பர்களிடமும் உறவிலும் வாங்கிய கைமாற்று ஒன்று. அதற்குக் கவர் கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் மட்டும். நான்காவது, வரித்துறையிடமிருந்து வந்தவை. ஏழே ஏழு கவர். இருப்பதிலேயே சின்னக் குவியல் அதுதான், அவர் கடைசியாகக் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான். தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் கார்டு கம்பெனிகள். தினமும் போன் செய்தவர்கள் அவர்கள்தானே. வரித்துறை ஒரு நாளும் போன் செய்யவில்லை.

கடன் முற்றிப்போன பலரிடமும் இந்தத் தலைகீழ் பயத்தைப் பார்க்கிறேன். சத்தம் போடுபவர் வேறு, சத்தமில்லாமல் சொத்தில் கை வைக்கக் கூடியவர் வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் தவறான இடத்தில் கொட்டிவிடுகிறார்கள்.

ஈடு வைத்து வாங்கிய கடனில் தவணை நின்றால் ஈடு போகும். இந்தியாவில் வீட்டுக் கடன் என்றால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கலாம். அதனால் குடியிருக்கும் வீட்டின் தவணைக்கு முதலிடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கார்டு, தனிநபர் கடன் போன்ற ஈடில்லாக் கடன்கள் அப்படியில்லை. கொடுத்தவர் நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கினால்தான் பொதுவாக உங்கள் சம்பளத்தையோ சொத்தையோ தொட முடியும். அதற்குக் காலமும் செலவும் ஆகும். அதுவரை அவர்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம் போன்தான். அந்தப் போனுக்கும் வரம்பு உண்டு: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜெண்டுகள் அழைக்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வரித்துறைக்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறை உரிய நோட்டீஸ்களை அனுப்பிவிட்டு, நீதிபதி முன் போகாமலேயே வங்கிக் கணக்கையும் சம்பளத்தையும் பிடித்துக்கொள்ளலாம். இந்தியாவில் வருமான வரித்துறை உங்கள் வங்கிக்கோ, உங்களுக்குப் பணம் தர வேண்டியவருக்கோ நேரடியாகக் கடிதம் எழுதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வரி வசூல் அதிகாரி சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். கார்டு கம்பெனி இரண்டு வருடம் அலைந்து வாங்கும் அதிகாரத்தை வரித்துறை பிறக்கும்போதே வைத்திருக்கிறது. போன் செய்ய அதற்கு அவசியமே இல்லை.

கணக்கு வேறு, பணம் வேறு

வரி பாக்கி வைத்தவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு பணம் கட்டாதது இல்லை. பணம் இல்லை என்பதற்காகக் கணக்கையும் தாக்கல் செய்யாமல் விடுவதுதான். கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது: "ரிட்டர்ன் போட்டால் வரி கட்டச் சொல்வார்கள், கட்டப் பணமில்லை, கையில் வந்ததும் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம்." ஆனால் சட்டம் இவை இரண்டையும் இரண்டு தனித் தவறுகளாகப் பார்க்கிறது. கணக்குக் கொடுக்காததைத்தான் அது அதிகம் கோபத்தோடு பார்க்கிறது.

அமெரிக்க விதியில் இது பளிச்சென்று தெரியும். கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் பாக்கி வரியில் மாதத்துக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம் வரை அபராதம். கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டாவிட்டால் மாதத்துக்கு அரை சதவீதம். பத்தில் ஒரு பங்கு! ஒருவர் 10,000 டாலர் வரி கட்ட வேண்டும், கையில் சல்லிக்காசு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதம் கணக்கும் கொடுக்காமல் பணமும் கட்டாமல் இருந்தால் அபராதம் 2,500 டாலர். கணக்கை மட்டும் உரிய நாளில் கொடுத்துவிட்டு அதே ஐந்து மாதம் பணம் கட்டாமல் இருந்தால் 250 டாலர். வட்டி இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் அந்த 2,250 டாலர் வித்தியாசம் வெறும் தயக்கத்துக்குக் கொடுத்த விலை.

பிரிட்டனில் சுயமதிப்பீட்டுக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகவே இருந்தாலும் 100 பவுண்டு அபராதம் விழும். மாதங்கள் போகப்போக அதன் மேல் இன்னும் ஏறும். இந்தியாவில் தாமதத்துக்கு மாதத்துக்கு 1 சதவீத வட்டி, தாமதக் கட்டணம் தனி. அதோடு அந்த வருடம் தொழிலில் நஷ்டம் வந்திருந்தால், அதை அடுத்த வருடங்களின் லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையும் போய்விடும். கடனில் இருப்பவருக்கு அந்த நஷ்டம் ஒரு சொத்து மாதிரி. கெடு நாள் தாண்டியதும் அது கை நழுவிவிடுகிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம், நீங்கள் கணக்குக் கொடுக்காவிட்டால் அரசு சும்மா இருக்காது. தன்னிடம் உள்ள தகவலை வைத்து அதுவே ஒரு கணக்குப் போடும். வங்கியில் வந்து விழுந்த பணம் அதற்குத் தெரியும், நீங்கள் சரக்குக்கும் வாடகைக்கும் கூலிக்கும் கொடுத்தது தெரியாது. வரவு முழுவதும் லாபம் என்று எடுத்துக்கொண்டால் வரி எங்கே போய் நிற்கும்? என் எதிரில் இருந்த ஏழு கவர்களில் ஐந்து அப்படி வந்தவைதான். அதில் இருந்த தொகையைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. "இவ்வளவு நான் சம்பாதிச்சதே இல்லையே" என்றார். உண்மைதான். அது அவர் சம்பாதித்த பணத்துக்கான வரி இல்லை, அவர் சொல்லாமல் விட்டதற்கான வரி.

இதில் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலையாட்களின் சம்பளத்தில் பிடித்த வரி, பிடித்த பி.எஃப்., வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி. இவையெல்லாம் தொழில் செய்பவரின் பணமே இல்லை. அடுத்தவர் பணம், இவர் கையில் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். ஒரு மாதம் பணம் முடைப்படும்போது அதை எடுத்துச் சரக்குக்கோ சம்பளத்துக்கோ கொடுப்பது மிகச் சுலபமாக நடக்கும்; அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். எந்த நாட்டுச் சட்டமும் இதை லேசில் விடாது. அமெரிக்காவில் இந்தப் பணத்துக்கான பொறுப்பு கம்பெனியைத் தாண்டி, பணத்தைக் கையாண்ட ஆளின் தலையிலேயே தனிப்பட்ட முறையில் விழும், திவாலானாலும் போகாது. இந்தியாவில் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டால் சிறைத் தண்டனைக்கே இடம் உண்டு. எந்தக் கடனை நிறுத்தினாலும் இதை நிறுத்தாதீர்கள்.

ஒரு சாம்பியனின் வரி பாக்கி

வரி பாக்கி எப்படி ஆளை விழுங்கும் என்பதற்கு ஜோ லூயிஸின் கதையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியன் அவர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942இல், இரண்டு சண்டைகளில் கிடைத்த பரிசுப் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். ஆனால் வரித்துறை அதையும் அவருடைய வருமானமாகவே கணக்கில் எடுத்தது. அதோடு பழைய பாக்கிகள், சரியாகப் பார்க்கப்படாத கணக்குகள், அவற்றின் மேல் வட்டி. ஓய்வு பெற்றிருந்தவர் பணத்துக்காக 1950இல் மறுபடி வளையத்துக்குள் இறங்கி எஸார்ட் சார்லஸிடம் தோற்றார். மறு வருடம் ராக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளி வீழ்த்தியபோது அவருக்கு வயது 37. 1950களின் நடுவில் பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு கணக்கு. அப்போது அமெரிக்காவில் உச்ச வருமான வரி விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். பழைய வரியைக் கட்ட அவர் சண்டை போட்டுப் புதிதாகச் சம்பாதித்தால், அந்தப் பணத்துக்கும் வரி. அதன் பெரும் பகுதி போனது போக மிஞ்சுவதில்தான் பழைய பாக்கிக்குக் கொடுக்க வேண்டும், அதையும் அந்த வருட வட்டி தின்றுவிடும். எவ்வளவு அடி வாங்கினாலும் அந்தக் கடன் தீர வழியே இல்லை. கடைசியில் 1960களில் வரித்துறையே, பழையதை விட்டுவிட்டு நடப்பு வருமானத்துக்கு மட்டும் வரி வசூலிப்பதாக ஒத்துக்கொண்டது.

உங்கள் கடன் பத்து லட்சம் டாலர் இல்லாமல் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: இன்று நான் மாதாமாதம் கொடுக்கக் கூடிய பணம் வட்டியை விடப் பெரியதா, சிறியதா? பெரியது என்றால் தவணை போதும். சிறியது என்றால் எத்தனை வருடம் கட்டினாலும் அசல் அசையாது. சமரசம், தள்ளுபடி, திவால் ஆகிய வழிகளைத்தான் யோசிக்க வேண்டும். இந்தக் கழித்தல் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் வருடக்கணக்கில் வட்டி மட்டும் கட்டியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

திவாலுக்கு முந்தைய வாசல்கள்

வரித்துறைகள் பொதுவாகத் தவணைக்கு ஒத்துக்கொள்ளும். அமெரிக்காவில் தவணை ஒப்பந்தம் உண்டு. கட்டவே முடியாத நிலை என்று காட்டினால் வசூலைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும், மொத்தத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளும் சமரச ஏற்பாடும் உண்டு. வரி மதிப்பிடப்பட்ட நாளிலிருந்து 10 வருடம் போனால் பொதுவாக வசூல் உரிமையே காலாவதியாகிவிடும், சில காரியங்கள் அந்தக் கடிகாரத்தை இடையில் நிறுத்தி வைத்தாலும். பிரிட்டனில் தவணை ஏற்பாடு போக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து 'மூச்சுவிடும் அவகாசம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் வரை வட்டி, வசூல் எல்லாம் நிற்கும், வரி பாக்கிக்கும் சேர்த்து. இந்தியாவில் தொகையே தவறு என்று மேல்முறையீடு செய்திருந்தால், பாக்கியில் 20 சதவீதம் கட்டிவிட்டு மீதியை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்தி வைக்கக் கேட்கும் வழக்கம் இருக்கிறது.

இந்த வாசல்களில் பெரும்பாலானவற்றில் காவலாளி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கணக்கெல்லாம் தாக்கல் செய்தாகிவிட்டதா? இல்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வங்கிக் கடனுக்குச் செட்டில்மெண்ட் பேசுபவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். அமெரிக்காவில் 20,000 டாலர் கடனை 8,000க்கு முடித்தால், தள்ளுபடியான 12,000 டாலர் உங்கள் வருமானமாகக் கருதப்படும், அதற்கு வரி கேட்பார்கள். கார்டுக் கடனை ஒழித்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு அடுத்த வருடம் வரி நோட்டீஸ் வருவது இப்படித்தான். அந்த நேரத்தில் உங்கள் கடன் சொத்தை விட அதிகமாக இருந்தது என்று காட்டினால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு; திவால் வழியாகத் தள்ளுபடி ஆனாலும் வரி கிடையாது. ஆனால் அதற்கான படிவத்தை நிரப்பிக் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று, வரி பாக்கியை அடைக்கக் கார்டில் கடன் வாங்குவது. வரித்துறை பயமுறுத்துகிறது, கார்டில் வரம்பு மீதமிருக்கிறது, தேய்த்துவிடலாம் என்று தோன்றும். வட்டி எகிறும் என்பது ஒரு பக்கம். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு கூடுதல் கொக்கி இருக்கிறது: திவாலில் தள்ளுபடி ஆகாத வரியைக் கட்ட வாங்கிய கார்டுக் கடன், சேப்டர் 7 என்ற, சொத்தை விற்றுப் பங்கிடும் வகைத் திவாலில் அதுவும் தள்ளுபடி ஆகாது. சாதாரணமாகப் போயிருக்க வேண்டிய கடனுக்கு வரியின் குணம் ஒட்டிக்கொள்கிறது.

திவால் என்பது என்ன

தமிழில் திவால் என்ற சொல்லே ஒரு வசவு போல ஆகிவிட்டது. 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்' என்று சொல்லும் தொனியில் 'ஏமாற்றிவிட்டான்' என்பதும் கலந்தே இருக்கும். இந்தப் பார்வைக்குப் பழைய வேர் உண்டு. இங்கிலாந்தின் முதல் திவால் சட்டம், 1542இல் வந்தது, கடனாளியைக் குற்றவாளியாகத்தான் நடத்தியது. ஒளிக்காமல் சொத்தை ஒப்படைத்தவருக்கு மீதிக் கடனிலிருந்து விடுதலை என்ற எண்ணம் 1705ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அங்கே நுழைந்தது, அதுவும் வணிகர்களுக்கு மட்டும். கடனுக்காகச் சிறையில் போடும் வழக்கம் பெருமளவு நின்றது 1869இல். இந்தியாவில் 1980இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கட்ட வசதியே இல்லாதவரைக் கடன் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்க முடியாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். ஏழையாக இருப்பது குற்றமில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, திவால் என்பது ஓடி ஒளிவது இல்லை, நேர் எதிர். இருக்கிற சொத்து, வரவு, கடன் எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் முன்னோ அதற்கான அதிகாரியின் முன்னோ விரித்து வைக்கிறீர்கள். விலக்களிக்கப்பட்ட பொருள்கள் போக மற்றதை விற்றோ, சில வருடம் வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டியோ கொடுத்தவர்களுக்கு முறைப்படி பங்கிடுகிறார்கள். மீதியில் சட்டம் அனுமதிப்பது தள்ளுபடியாகிறது. அமெரிக்காவில் மனுப் போட்ட கணமே பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் நின்றாக வேண்டும், வரித்துறையின் ஜப்தி உட்பட. அந்த நிம்மதிக்காகவே மனுப் போடுபவர்கள் உண்டு.

வரி பாக்கி தள்ளுபடியாகுமா என்பதில்தான் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் வருமான வரி தள்ளுபடியாகலாம், ஆனால் மூன்று கடிகாரங்களும் ஓடி முடிந்திருக்க வேண்டும். கணக்குக் கொடுக்க வேண்டிய கெடு நாள் முடிந்து 3 வருடம். கணக்கை உண்மையில் கொடுத்து 2 வருடம். வரி மதிப்பிடப்பட்டு 240 நாள். மோசடியோ வேண்டுமென்றே ஏய்த்ததோ இருக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டு வரிக்கான கணக்கின் கெடு 2022 ஏப்ரல் 18. அன்றைக்கே கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் மட்டும் கட்டாதவருக்கு 2025 ஏப்ரல் 18க்குப் பிறகு கதவு திறக்கும். ஒரு வாரம் முன்னால் அவசரப்பட்டு மனுப் போட்டவருக்கு அந்த வருட வரி முழுசாகத் தலையில் நிற்கும். கணக்கே கொடுக்காதவருக்கோ, பத்து வருடம் ஆனாலும் இரண்டாவது கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே இல்லை. வரித்துறை அவருக்குப் பதிலாகத் தானே தயாரித்த கணக்கு இதற்குச் செல்லாது. தாமதமாகக் கொடுத்த கணக்கையும், ஒரே ஒரு நாள் தாமதமானாலும், ஏற்க மாட்டோம் என்று சில பகுதிகளின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. மூன்று வருடம் முன்பு நல்ல நாளில் போட்ட ஒரு கையெழுத்து, இப்போது ஒருவரைக் காப்பாற்றுகிறது.

கடிகாரம் முடிந்து வரி தள்ளுபடியானாலும், வரித்துறை அதற்கு முன்பே உங்கள் வீட்டின் மேல் பற்றுரிமையைப் பதிவு செய்திருந்தால் அது வீட்டின் மேல் அப்படியே இருக்கும். உங்களைத் துரத்த மாட்டார்கள், வீட்டை விற்கும்போது பங்கு கேட்பார்கள்.

கனடாவில் வருமான வரி பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகும். ஆனால் வரி பாக்கி மட்டும் 2 லட்சம் டாலருக்குக் குறையாமல், ஈடில்லாக் கடன் மொத்தத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால், விடுதலை தானாக வராது. நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும். இங்கிலாந்தில் தனிநபரின் வருமான வரி பாக்கி பொதுவாகத் திவாலில் அடங்கிவிடும். பெரும்பாலோருக்கு 12 மாதத்தில் விடுதலை. நேர்மையில்லாமல் நடந்தவர் மீது 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடு போடலாம்.

இந்தியாவில் நிலைமை கடுமை. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் அதில் தனிநபருக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்றும் 1909, 1920 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்கள்தான். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு முதலாவது, மற்ற இடங்களுக்கு இரண்டாவது. இரண்டுமே அரசுக்குச் சேர வேண்டிய கடனை விடுதலை தீண்டாது என்று தெளிவாகச் சொல்கின்றன. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் எல்லாம் ஒழிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வங்கிக் கடன் போகலாம், வரி போகாது. அதோடு, 'இன்சால்வென்ட்', அதாவது திவாலானவர், என்று நீதிமன்றம் அறிவிப்பது பாதி வழிதான். அதற்குப் பிறகு நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுதலைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் அறிவிப்போடு நின்றுவிடுகிறார்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை பராமரிப்பு, மோசடியால் வந்த கடன் ஆகியவை பொதுவாக எங்கேயும் தள்ளுபடியாவதில்லை. உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் உங்கள் திவாலால் தப்பிப்பதும் இல்லை. கொடுத்தவர் நேராக அவரிடம் போவார். மனுப் போடும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். நீதிமன்ற நோட்டீஸ் மூலம் அவர் தெரிந்துகொள்வது கொடுமை.

மனுவுக்கு முந்தைய மாதங்களில் நல்ல எண்ணத்திலேயே செய்யும் சில காரியங்கள்தான் பெரிய வினையாகின்றன. அண்ணனிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் முதலில் அடைப்பது, வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைப்பது. சட்டம் பின்னோக்கிப் பார்க்கும். அமெரிக்காவில் உறவினருக்குக் கொடுத்ததை ஒரு வருடம் வரை திருப்பி வாங்கலாம். இங்கிலாந்தில் நெருங்கியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்ததை 2 வருடம் வரையும், சொத்தைச் சும்மா கைமாற்றியதை 5 வருடம் வரையும் தோண்டலாம். இந்தியாவின் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடத்துக்குள் தானமாக எழுதியது ரத்தாகலாம். அண்ணன் வாங்கிய பணத்தை அவரே நீதிமன்றத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தால் உறவு என்ன ஆகும்?

இதை விட எனக்கு வருத்தம் தருவது, ஓய்வுகாலச் சேமிப்பை உடைப்பது. பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்று இந்தியச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. அமெரிக்காவிலும் முதலாளி வழி ஓய்வூதியத் திட்டங்களில் உள்ள பணத்தைச் சாதாரணக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. யாராலும் தொட முடியாத பணத்தைத் தானே வெளியே எடுத்து, எப்படியும் தள்ளுபடியாகியிருக்கக் கூடிய கார்டுக் கடனுக்குக் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து வெறுங்கையோடு திவால் மனுப் போடுகிறார்கள். மானத்துக்குப் பயந்து செய்வதுதான். ஆனால் அறுபது வயதில் அந்தப் பணம் வேண்டியிருக்கும். இந்த ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னாலாவது, கடன் கொடுத்தவரிடம் வேலை செய்யாத ஒரு வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ ஒரு மணி நேரம் பேசிவிட வேண்டும்.

மானம் என்றதும் இன்னொன்று. கடன் அழுத்தத்தில் உயிரை விட நினைப்பவர்கள், 'என்னோடு போகட்டும்' என்றோ 'பிள்ளைகள் தலையில் விழுமே' என்றோ தவிக்கிறார்கள். தந்தையின் கடன் பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொடாது. விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்று இந்து கூட்டுக் குடும்பத்தில் இருந்த பழைய விதியையும் இந்தியா 2005 திருத்தத்தில் எடுத்துவிட்டது. ஆக, பிள்ளைகளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது நீங்கள்தான். அந்த மாதிரி எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமோ மருத்துவரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். கடனுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

துணிப்பைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடக் கணக்கு கொடுக்கப்படாமல் இருந்தது. பழைய பில்கள், வங்கி அறிக்கைகள், கூலி கொடுத்த சீட்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க மூன்று வாரம் ஆனது. ஒரு ஆடிட்டர் உட்கார்ந்து நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கல் செய்தார். செலவுகள் கணக்கில் ஏறியதும், அரசு தானாகப் போட்டிருந்த தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. மீதிக்குத் தவணை கேட்டார், கிடைத்தது. இரண்டு கார்டுகளை செட்டில் செய்தாயிற்று, மூன்றாவது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தவணை தவறவில்லை. திவால் மனுவைப் பற்றி வக்கீலிடம் விசாரித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்; மாதம் கட்டுவது வட்டியைத் தாண்டுகிறது என்று தாளில் தெரிந்ததுதான் காரணம்.

போன மாதம் போயிருந்தபோது அந்தத் துணிப்பை கூடத்திலேயே ஆணியில் தொங்கியது. உள்ளே வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுகள். நான் இருக்கும்போதே தபால் வந்தது. வாசலில் நின்றபடியே கவரைக் கிழித்துப் படித்துவிட்டு, "ஏழாவது தவணைக்கு ரசீது" என்று சொல்லி, இந்த வருடக் கட்டில் செருகினார்.